தேதி முதலில், வேலை அப்புறம்: ஒரு வங்கியின் கணினி மாற்றம் தடுமாறியது எப்படி

2018 ஏப்ரல் 20, வெள்ளிக்கிழமை மாலை 4 மணி. பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி தன் இணையச் சேவையையும் மொபைல் ஆப்பையும் நிறுத்தியது. புதிய கணினி அமைப்புக்கு மாறுகிறோம், ஞாயிறு மாலை 6 மணிக்கு எல்லாம் வழக்கம்போல் இயங்கும் என்று வாடிக்கையாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். ஞாயிறு மாலை சேவை திரும்பியது. உள்ளே நுழைந்த சிலருக்கு யாரோ ஒருவருடைய கணக்கு திரையில் தெரிந்தது. சிலருக்கு இருப்புத் தொகை தப்பாக இருந்தது. சிலரின் வீட்டுக் கடன் கணக்கையே காணவில்லை. ஏராளமானவர்களால் உள்ளேயே போக முடியவில்லை.

அந்த வங்கிக்கு 52 லட்சம் வாடிக்கையாளர்கள். குழப்பம் உச்சத்தில் இருந்தபோது 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்கைத் தொட முடியாமல் தவித்தார்கள். கிளைக்குப் போனால் அங்கேயும் கணினி தகராறு. தொலைபேசியில் கூப்பிட்டால் யாரும் எடுப்பதில்லை. இந்தக் களேபரத்தைப் பயன்படுத்திக்கொண்டு மோசடிக் கும்பல்கள் புகுந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பணத்தைப் பறிகொடுத்தார்கள். வங்கி முழுமையாகப் பழைய நிலைக்கு வர டிசம்பர் ஆகிவிட்டது.

நான் மென்பொருள் துறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். இப்படி ஏதாவது நடந்தால் எல்லோரும் முதலில் தேடுவது புரோகிராமரைத்தான். எந்த வரியில் பிழை, யார் எழுதியது, யார் சோதித்தது என்றுதான் பேச்சு போகும். ஆனால் டி.எஸ்.பி. விஷயத்தில் ஒரு தகவல் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. தரவு ஒழுங்காகவே போய்ச் சேர்ந்தது என்று பின்னாளில் விசாரித்த ஒழுங்குமுறை அமைப்புகளே எழுதியிருக்கின்றன. 52 லட்சம் பேரின் கணக்கு விவரங்கள் பழைய வீட்டிலிருந்து புதிய வீட்டுக்குப் பத்திரமாக வந்துவிட்டன. வந்த பிறகு வீடுதான் தாங்கவில்லை.

ஏன் தாங்கவில்லை என்று பார்க்க, அந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளின் கூட்ட அறைகளுக்குப் போகவேண்டும். நல்ல வேளையாக, போக முடிகிறது. டி.எஸ்.பி.யின் இயக்குநர் குழுவே ஸ்லாட்டர் அண்ட் மே என்ற சட்ட நிறுவனத்தை வைத்து ஒரு சுதந்திரமான விசாரணை நடத்தி, 2019 நவம்பரில் அறிக்கையை வெளியிட்டது. இருநூறு பக்கங்களுக்கு மேல். அதன்பின் 2022 டிசம்பரில் பிரிட்டனின் இரண்டு நிதி ஒழுங்குமுறை அமைப்புகளும் தங்கள் ஆணைகளை வெளியிட்டன. பெரும்பாலான நிறுவனங்கள் இந்த மாதிரி தோல்வியை உள்ளுக்குள்ளேயே புதைத்துவிடும். ஒரு நிர்வாகம் கணினி அமைப்பு பற்றி எப்படி முடிவெடுக்கிறது, அந்த முடிவு எங்கே கோணுகிறது என்று படிக்க விரும்புகிறவர்களுக்கு இவ்வளவு திறந்த ஆவணம் அபூர்வம்.

முதலில், வங்கி ஏன் மாறவேண்டியிருந்தது என்ற கதை. டி.எஸ்.பி.யின் வேர், 1810இல் ஸ்காட்லாந்தின் ரத்வெல் கிராமத்தில் ஹென்றி டங்கன் என்ற பாதிரியார் ஏழைகளுக்காகத் தொடங்கிய சேமிப்பு வங்கியில் இருக்கிறது. அந்த மரபில் வந்த சேமிப்பு வங்கிகள் காலப்போக்கில் ஒன்றாகி, 1995இல் லாய்ட்ஸ் வங்கியோடு இணைந்தன. 2008 நிதி நெருக்கடியில் லாய்ட்ஸை அரசு பணம் போட்டுக் காப்பாற்றியது. அரசுப் பணம் வாங்கியதற்கு நிபந்தனையாக, அறுநூறு சொச்சம் கிளைகளை விற்றாக வேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் சொன்னது. வாங்க வந்த கோஆபரேட்டிவ் வங்கி 2013இல் பின்வாங்கியது. அதனால் அதே ஆண்டு அந்தக் கிளைகள் டி.எஸ்.பி. என்ற பழைய பெயரில் தனி வங்கியாகப் பிரிந்தன.

பெயர்ப்பலகை மாறியது, கணினி மாறவில்லை. தனி வங்கியான பிறகும் டி.எஸ்.பி. லாய்ட்ஸின் அமைப்பில்தான் வாடகைக்குக் குடியிருந்தது. தன் போட்டியாளருக்கே ஆண்டுதோறும் வாடகை. ஒரு புதிய சேவை கொண்டுவர வேண்டுமென்றாலும் வீட்டுக்காரர் தயவு வேண்டும். 2015இல் ஸ்பெயினின் சபடெல் வங்கி 170 கோடி பவுண்டுக்கு டி.எஸ்.பி.யை வாங்கியபோது, இந்த வாடகையிலிருந்து விடுபடுவதுதான் கணக்கின் மையமாக இருந்தது. ஆண்டுக்குச் சுமார் 16 கோடி பவுண்டு மிச்சமாகும் என்று எதிர்பார்த்தார்கள். வெளியேறும் செலவுக்கு லாய்ட்ஸே 45 கோடி பவுண்டு கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தது.

வாடகை வீட்டைவிட்டு வெளியேறும் முடிவு சரியானது என்றுதான் நான் நினைக்கிறேன். கையில் பணமும் இருந்தது. எல்லாக் கெட்ட விளைவுக்கும் பின்னால் ஒரு முட்டாள்தனமான முடிவு இருந்திருக்கும் என்று தேடினால் இங்கே கிடைக்காது. ஒவ்வொரு முடிவும் அதை எடுத்த அறையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நியாயமாகவே தோன்றியிருக்கும். அதனால்தான் இதை நிதானமாகப் பார்க்கவேண்டும்.

எங்கே குடிபோவது? சபடெலிடம் புரோத்தியோ என்ற சொந்த மென்பொருள் இருந்தது. ஸ்பெயினில் சிறிய வங்கிகளை வாங்கி வாங்கிப் புரோத்தியோவுக்குள் கொண்டுவந்து பழகியவர்கள் அவர்கள். அந்த வேலையைச் செய்த சபிஸ் என்ற தொழில்நுட்பக் கிளை நிறுவனமும் கையிலேயே இருந்தது. 'நாங்கள் இதைப் பல தடவை செய்திருக்கிறோம்' என்பதைவிட நம்பிக்கை தரும் வாசகம் எந்த இயக்குநர் குழுவுக்கும் இருக்க முடியாது.

ஆனால் ஸ்பெயினில் செய்தது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வீட்டுக்குள் புதிதாக ஒரு குடும்பத்தைக் கூட்டிவந்து வைப்பது. பிரிட்டனில் செய்யவேண்டியிருந்தது புது வீடு கட்டுவது. பணப் பரிமாற்ற முறைகள் வேறு, சட்டங்கள் வேறு, கணக்கு வகைகள் வேறு. பிரிட்டனுக்கென்று உருவாக்கிய புரோத்தியோவில் பெரும் பகுதியைப் புதிதாக எழுதவேண்டியிருந்தது. நிரூபிக்கப்பட்ட மென்பொருளைக் கொஞ்சம் மாற்றி எடுத்துக்கொள்கிறோம் என்ற எண்ணத்திலேயே இயக்குநர் குழு இருந்தது என்கிறது விசாரணை அறிக்கை. வேலையின் அளவைத் தப்பாகப் பார்த்துவிட்டால் அதற்குப் பிறகு போடும் எல்லாக் கணக்கும் தப்பாகத்தான் வரும்.

இப்போது தேதிக்கு வருவோம். என் பார்வையில் மொத்தக் கதையும் இங்கேதான் இருக்கிறது.

ஒரு பெரிய திட்டத்தின் கால அட்டவணையை வரைந்தால் இடப்பக்கம் இன்று, வலப்பக்கம் கடைசி நாள். இடமிருந்து தொடங்கினால், இந்த வேலைக்கு இத்தனை வாரம், அது முடிந்தபிறகு இதற்கு இத்தனை வாரம் என்று அடுக்கிக்கொண்டே போய்க் கடைசி நாள் எங்கே விழுகிறதோ அதுதான் தேதி. இன்னொரு முறை, கடைசி நாளை முதலில் ஆணி அடித்துவிட்டு, வலமிருந்து இடமாக வேலைகளை அமுக்கி அடைத்துக்கொண்டு வருவது. டி.எஸ்.பி.யின் திட்டம் இரண்டாவது வகை என்று விசாரணை அறிக்கை இதே சொற்களில் சொல்கிறது. 2017 நவம்பருக்குள் மாறவேண்டும் என்பது முதலில் முடிவானது. வேலை எவ்வளவு என்பது அதற்குள் அடங்கியாக வேண்டும் என்றாகிவிட்டது.

நம் வீட்டுக் கல்யாணங்களில் இது நமக்குப் பழக்கம்தான். முகூர்த்தத்தைக் குறித்துவிட்டு மண்டபம், சமையல், பத்திரிகை எல்லாவற்றையும் அதற்குள் முடிக்கிறோம். முடிகிறதே என்று கேட்கலாம். முடிகிறது, ஏனென்றால் கல்யாண வேலை நமக்குத் தெரிந்த வேலை. ஐம்பது கல்யாணம் பார்த்த சமையல்காரருக்கு ஆயிரம் இலைக்கு எத்தனை மூட்டை அரிசி என்று கேட்டவுடன் சொல்லத் தெரியும். இதுவரை யாரும் கட்டாத ஒரு மென்பொருளுக்கு அப்படிச் சொல்ல ஆள் கிடையாது.

2017 கோடை முடிவதற்குள் நவம்பரில் முடியாது என்று தெரிந்துவிட்டது. செப்டம்பர் இறுதியில் டி.எஸ்.பி. தேதியைத் தள்ளிவைப்பதாக அறிவித்தது. 2018இன் முதல் காலாண்டு என்றது. ஒத்திவைத்தது பொறுப்பான செயல் என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஆனால் மறுதிட்டம் முழுமையாகத் தயாராவதற்கு முன்பே புதிய தேதி வெளியே போய்விட்டது. மறுபடியும் வலமிருந்து இடம்.

அப்போது திட்டத்தின் சில பகுதிகள் ஏழு மாதம் வரை பின்தங்கியிருந்தன. தேதி தள்ளிப்போனதோ சுமார் நான்கு மாதம். ஏழு மாதம் தாமதமான வேலை நான்கு மாதத்தில் எப்படிச் சரியாகும்? இந்தக் கேள்வியைக் கேட்கக் கணினி படித்திருக்க வேண்டியதில்லை. கழித்தல் தெரிந்தால் போதும். அந்த அறையில் வங்கித் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் இருந்தார்கள். கடன் விண்ணப்பத்தில் இப்படி ஒரு கணக்கு வந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் திருப்பி அனுப்பியிருப்பார்கள். கணினி விஷயம் என்பதால் கேட்கவில்லை. இந்தக் கேள்வி கேட்கப்படவில்லை என்பது விசாரணை அறிக்கையின் முக்கியமான குற்றச்சாட்டுகளில் ஒன்று.

நான்கு மாதத்தில் முடிப்பதற்கு ஒரு வழிதான் இருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக நடக்கவேண்டிய சோதனைகளை ஒரே நேரத்தில் நடத்துவது. அடித்தளம் காய்வதற்குள் சுவர், சுவர் காய்வதற்குள் பூச்சு. ஒரு சோதனையில் கண்டுபிடித்த பிழையைத் திருத்தும்போது, அதன் மேலேயே இன்னொரு சோதனை ஓடிக்கொண்டிருக்கும். எந்த முடிவை நம்புவது என்று யாருக்கும் தெரியாது. நான் பார்த்த திட்டங்களில் தாமதத்தின் விலையைக் கடைசியில் கட்டுவது எப்போதும் சோதனைக் கட்டம்தான். வடிவமைப்புக்கும் எழுதுவதற்கும் அதிக நாள் போய்விடும், தேதி நகராது, நடுவில் மாட்டிக்கொள்வது சோதனை.

எல்லா வாடிக்கையாளரையும் ஏறக்குறைய ஒரே வார இறுதியில் மாற்றுவது என்பது இன்னொரு முடிவு. முதலில் ஒரு லட்சம் பேர், ஒரு மாதம் பார்த்துவிட்டு அடுத்து ஐந்து லட்சம் பேர் என்று போயிருக்கலாம். அப்படிச் செய்தால் இரண்டு அமைப்புகளை ஒரே சமயத்தில் ஓட்டவேண்டும். செலவு கூடும், வாடகைக் காலம் நீளும். அதனால் மொத்தமாக மாறுவதே நல்லது என்று முடிவெடுத்ததற்கு ஒரு தர்க்கம் உண்டு. ஆனால் இதன் ஆபத்தை இயக்குநர் குழு போதுமான அளவு எடைபோடவில்லை.

அடுத்தது தரவு மையங்கள், அதாவது வங்கியின் கணினிகளை வைத்து இயக்கும் இடங்கள். இதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கவேண்டும். புதிய அமைப்பு இரண்டு தரவு மையங்களில் ஒரே நேரத்தில் இயங்கும்படி வடிவமைக்கப்பட்டிருந்தது. ஒன்று வேலை செய்ய, மற்றது சும்மா காத்திருக்கும் பழைய முறை கிடையாது. இரண்டுமே வாடிக்கையாளர்களைப் பங்கு போட்டுக்கொண்டு கவனிக்கும். நல்ல வடிவமைப்புதான். அதே கல்யாண மண்டபத்தில் இரண்டு சமையலறை வைத்து, இரண்டிலிருந்தும் பந்திக்குப் பரிமாறுவது மாதிரி.

லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வந்தால் தாங்குமா என்று பார்க்கும் சோதனையை ஒரு மையத்தில் மட்டும் நடத்தினார்கள். இரண்டும் ஒரே மாதிரிதானே, ஒன்று தாங்கினால் மற்றதும் தாங்கும் என்ற நம்பிக்கை. ஆனால் இரண்டும் ஒரே மாதிரி அமைக்கப்பட்டிருக்கவில்லை. வேறுபாடுகள் இருந்தன. ஒரு சமையலறையில் அடுப்பேற்றிப் பார்த்துவிட்டு, இன்னொன்றில் எரிவாயுக் குழாய் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்காமல் விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை பந்தியில் கூட்டம் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. இரண்டையும் சோதித்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். ஒன்றைத்தான் சோதித்தோம் என்ற செய்தி இயக்குநர் குழுவின் மேசைக்கு வரவே இல்லை.

கீழே இருக்கிற பொறியாளருக்குத் தெரிந்த ஒரு விஷயம் மேலே போய்ச் சேராமல் எப்படிக் கரைகிறது? இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு நிறுவனத்தில் புதிய பில்லிங் அமைப்பு தொடங்குவதற்கு முந்தைய வியாழக்கிழமை. சோதனைக் குழுவில் இருந்த ஒரு பெண் தன் எக்செல் ஷீட்டில் ஒரு வரிக்குச் சிவப்பு போட்டிருந்தார். நாற்பது சோதனைகள் இன்னும் ஓட்டவே இல்லை என்பது அவர் எழுதிய குறிப்பு. அவருடைய டீம் லீடர், 'நாளைக்கு முடிச்சிடலாம்ல' என்று கேட்டு அதை மஞ்சளாக்கினார். திட்ட மேலாளர் வேறு பல வரிகளோடு அதைச் சேர்த்துச் 'சோதனை: 92 சதவீதம் முடிந்தது' என்று ஒரே வரியாக்கினார். வெள்ளிக்கிழமை காலை உயர் அதிகாரியின் ஸ்லைடில் அந்த வரி பச்சையாக இருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் கொஞ்சம் நம்பிக்கையைச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். எங்கள் துறையில் இதைத் தர்பூசணி ரிப்போர்ட் என்பார்கள். வெளியே பச்சை, வெட்டினால் சிவப்பு. அந்தப் பெண்ணை யாராவது அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும் என்று இன்றும் நினைப்பேன்.

டி.எஸ்.பி.யில் இந்தத் தர்பூசணி ஒரு கடிதமாக வந்தது. மாற்றத்துக்கு முன்பு, நாங்கள் தயார் என்று சபிஸிடமிருந்து எழுத்துமூலம் உறுதி வாங்கினார்கள். நல்ல நடைமுறைதான். ஆனால் சபிஸ் தனியாக இல்லை. அதன் பின்னால் 85 துணை ஒப்பந்த நிறுவனங்கள் இருந்தன. அவர்களிடமிருந்து வந்த உறுதிமொழிகளை வைத்துத்தான் சபிஸ் கடிதம் கொடுத்தது. அந்த உறுதிமொழிகளில் சில, இப்போது தயாராக இருக்கிறோம் என்று சொல்லவில்லை. தயாராகிவிடுவோம் என்ற நல்லெண்ணத்தைச் சொன்னவை. 'முடிந்துவிட்டது' என்பதும் 'முடித்துவிடுவோம்' என்பதும் அடுத்த படிக்குப் போகும்போது ஒன்றாகிவிட்டன. வங்கியின் தலைமைத் தகவல் அதிகாரியாக இருந்த கார்லோஸ் அபார்க்கா, இந்த வெளி ஒப்பந்தத்தைச் சரியாக மேற்பார்வை செய்யவில்லை என்று சொல்லி, 2023இல் ஒழுங்குமுறை அமைப்பு அவர்மீதே தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்டு அபராதம் விதித்தது. வங்கிக்கு அபராதம் என்பது பழைய கதை. முடிவெடுத்த ஒரு தனிமனிதரின் பெயரில் அபராதம் வந்தது, பிரிட்டனில் பல நிறுவனங்களின் தகவல் அதிகாரிகளை நிமிர்ந்து உட்கார வைத்திருக்கும்.

இங்கே நான் அபார்க்காவுக்காகவும் கொஞ்சம் பேசவேண்டும். சபிஸ் வெறும் சப்ளையர் இல்லை. வங்கியின் சொந்தக்காரரான சபடெலின் இன்னொரு பிள்ளை. ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவரில் ஒருவர் வாடிக்கையாளர், மற்றவர் கடைக்காரர். வெளியார் என்றால் ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டிக் கறாராகப் பேசலாம், பில்லை நிறுத்திவைக்கலாம், கடைசியில் வேறு ஆளையும் பார்க்கலாம். தாய் நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவிடம் 'நீங்கள் தயாரில்லை' என்று யார் சொல்வது? சொன்னால் யார் காதில் விழும்? இந்த உறவு அமைப்பையும் 2015லேயே யோசித்திருக்க வேண்டும். மென்பொருளைத் தேர்ந்தெடுத்த அன்றே, அதை மறுக்கும் அதிகாரம் யாருக்கு என்பதும் முடிவாகியிருக்க வேண்டும்.

குழப்பத்துக்குப் பிறகு உதவிக்கு அழைக்கப்பட்ட ஐ.பி.எம். என்ற கணினி நிறுவனம் சில நாட்களிலேயே ஒரு முதல்கட்டக் குறிப்பு கொடுத்தது. பிரிட்டன் நாடாளுமன்றத்தின் கருவூலக் குழு அதை வெளியிட்டது. நேரடிப் பயன்பாட்டுக்கு அமைப்பு தயார் என்று நிரூபிக்கும் கடுமையான அளவுகோல்கள் பின்பற்றப்பட்டதற்கான சான்று எதையும் தாங்கள் பார்க்கவில்லை என்பதுதான் அதன் சாரம். வெளியிலிருந்து வந்தவர்கள் ஒரு வாரத்துக்குள் பார்த்த விஷயம் இது. மாற்றத்துக்கு முன்பே அவர்களைக் கூப்பிட்டிருந்தால் ஆகியிருக்கும் செலவோடு அப்புறம் ஆன செலவை ஒப்பிட்டுப் பாருங்கள். 2018இல் மட்டும் இந்த மாற்றத்தால் சுமார் 33 கோடி பவுண்டு போனது. அந்த ஆண்டு வங்கிக்கு 10.5 கோடி பவுண்டு நஷ்டம். வந்த புகார்கள் 2,25,492. சுமார் 80,000 பேர் வேறு வங்கிக்குப் போனார்கள். வாடிக்கையாளர்களுக்கு இழப்பீடாக 3.27 கோடி பவுண்டு, அபராதமாக 4.86 கோடி பவுண்டு. தலைமை நிர்வாகி பால் பெஸ்டர் 2018 செப்டம்பரில் பதவி விலகினார். ஆண்டுக்கு 16 கோடி மிச்சம் பிடிக்கப்போன கணக்கு இது.

டி.எஸ்.பி. மட்டும் இப்படி மாட்டிக்கொள்ளவில்லை. அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லெட் நிறுவனம், 48 மாதம் ஆகும் என்று சொல்லப்பட்ட கணினி மாற்ற வேலையை 30 மாதத்தில் முடிக்கச் சொன்னது. வேலை இழுத்துக்கொண்டு, புதிய அமைப்பு 1999 ஜூலையில்தான் இயங்கத் தொடங்கியது. சாக்லெட் வியாபாரத்தின் திருவிழாக் காலமான ஹாலோவீனுக்கு ஆர்டர்கள் குவியும் நேரம் அது. கிடங்கில் சரக்கு இருந்தும் பத்துக் கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை அனுப்ப முடியவில்லை. இதுவும் தேதி கெடுத்த கதை. நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தின் கதை வேறு விதம். 2012 ஆகஸ்ட் 1 அன்று எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய மென்பொருளை ஏற்ற மறந்தார்கள். பல ஆண்டுகளாகப் பயன்படுத்தாமல், அழிக்காமல் விட்டிருந்த பழைய நிரல் அதில் உயிர்பெற்று, 45 நிமிடத்தில் 46 கோடி டாலர் போனது. சந்தை திறப்பதற்கு முன்பே 97 மின்னஞ்சல்கள் அந்தக் கோளாறைச் சொல்லிக்கொண்டு வந்திருந்தன. அவற்றை எச்சரிக்கையாகப் பார்க்க யாரையும் நியமித்திருக்கவில்லை.

ஜெர்மனியின் லிடில் பல்பொருள் அங்காடியின் முடிவு எனக்கு இன்னும் சுவாரசியமானது. 2011இல் எஸ்.ஏ.பி. மென்பொருளுக்கு மாறத் தொடங்கி, ஏழு ஆண்டுகளும் சுமார் 50 கோடி யூரோவும் போன பிறகு 2018இல் கைவிட்டது. லிடில் தன் சரக்கைக் கொள்முதல் விலையில் கணக்கு வைக்கும். அந்த மென்பொருளோ விற்பனை விலையில் வைக்கும் வழக்கத்துக்கு ஏற்றது. தன் வழக்கத்தை மாற்ற லிடில் சம்மதிக்கவில்லை. மென்பொருளை வளைத்தது. வளைக்க வளைக்க அது கனத்தது. வழக்கத்தை மாற்றுவதா, மென்பொருளை மாற்றுவதா என்ற கேள்வியை முதல் ஆண்டிலேயே முதலாளிகள் மட்டத்தில் தீர்த்திருக்க வேண்டும். ஆனாலும் அத்தனை கோடி செலவழித்த பிறகு போதும் என்று நிறுத்தியதற்குத் தைரியம் வேண்டும். போட்ட பணத்தைப் பார்த்து மேலும் பணம் போடுவதுதான் வழக்கம்.

இதெல்லாம் பெரிய நிறுவனங்களின் கதை என்று ஒதுக்க வேண்டாம். நம் ஊரில் பத்துப் பேர் வேலை செய்யும் நிறுவனம் கணக்கு மென்பொருளை மாற்றும்போதும் இதே முடிவுகள் சிறிய அளவில் வருகின்றன. பெரும்பாலும் ஏப்ரல் 1 என்று தேதி குறிப்பார்கள். புதிய நிதியாண்டு, புதிய கணக்கு. காரணம் நியாயமானதுதான். ஆனால் மார்ச் கடைசி வாரத்தில் ஆண்டு முடிவு வேலையில் கணக்காளர் மூச்சுவிட நேரமில்லாமல் இருப்பார். அந்த வாரத்தில்தான் பழைய பாக்கிகளைப் புதிய மென்பொருளில் ஏற்றி, சரக்கு இருப்பைச் சரிபார்த்து, நாலு பில் போட்டுப் பார்க்கவேண்டும். பழையதையும் புதியதையும் ஒரு மாதம் சேர்த்து ஓட்டலாமா என்று கேட்டால், இரட்டை வேலை என்பார்கள். அந்த இரட்டை வேலைதான் காப்பீடு. புதியதில் பிழை வந்தால் திரும்பிப் போக ஒரு வழி இருக்கும்.

ஒரு நிறுவனத்தின் கணினி முடிவை எடைபோட என்னிடம் யாராவது காகிதத்தைக் கொடுத்தால், அதில் எந்த மென்பொருள் என்பதை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். தேதியை யார் குறித்தார், வேலையைக் கணக்கிட்ட பிறகு குறித்தாரா முன்பா என்று முதலில் தேடுவேன். வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அவர் அப்படிச் சொன்னால் அவருடைய போனஸ் என்னவாகும் என்று பார்ப்பேன். திரும்பிப் போகும் வழி எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேட்பேன். சோதனை செய்யாமல் விட்டவற்றின் பட்டியல் தனியாக இருக்கிறதா என்று கேட்பேன். சோதனை செய்தவற்றின் பட்டியல் எல்லோரிடமும் இருக்கும்.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி இந்தப் பொறுப்பை இயக்குநர் குழுவின் தலையிலேயே வைத்திருக்கிறது. 2020 டிசம்பரில், சேவை அடிக்கடி முடங்கியதால், எச்.டி.எஃப்.சி. வங்கி புதிய கடன் அட்டைகள் கொடுக்கவும் புதிய டிஜிட்டல் திட்டங்கள் தொடங்கவும் ரிசர்வ் வங்கி தடை விதித்தது. 2024 ஏப்ரலில் கோட்டக் மகிந்திரா வங்கி மீதும் இதுபோன்ற தடை வந்தது. அந்த மாதம் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, இயக்குநர் குழு அளவில் ஒரு தகவல் தொழில்நுட்ப வியூகக் குழு இருக்கவேண்டும். அதன் தலைவர் தொழில்நுட்ப அனுபவமுள்ள, நிர்வாகத்தைச் சாராத சுயேச்சை இயக்குநராக இருக்கவேண்டும். ஏழிலிருந்து நான்கைக் கழித்துப் பார்க்கிற ஆள் ஒருவர் அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதை விதியாகவே எழுதிவிட்டார்கள் என்று நான் இதைப் படிக்கிறேன்.

டி.எஸ்.பி.யின் கதையில் இன்னொரு அத்தியாயமும் தொடங்கியிருக்கிறது. 2025 ஜூலையில், ஸ்பெயினின் இன்னொரு பெரிய வங்கியான சான்டாண்டர், சபடெலிடமிருந்து டி.எஸ்.பி.யை 265 கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டது. தன் பிரிட்டன் வங்கியோடு அதை இணைக்கப்போவதாகவும் அறிவித்தது. அப்படியென்றால் அந்தக் கணக்குகள் மறுபடியும் வீடு மாறவேண்டியிருக்கும். சான்டாண்டருக்கு இதில் அனுபவம் உண்டு. ஆபி முதலிய பிரிட்டன் வங்கிகளை வாங்கித் தன் மென்பொருளுக்குக் கொண்டுவந்திருக்கிறது. சபடெலும் 2015இல் அனுபவத்தைத்தான் காட்டியது. இந்த முறை தேதி அறிவிக்கப்படும் நாளில், அதற்கு முன்னால் வேலையைக் கணக்கிட்ட காகிதம் ஒன்று இருக்கிறதா என்று அந்த இயக்குநர் குழுவில் யாராவது கேட்கிறார்களா என்று பார்க்கக் காத்திருக்கிறேன்.